இது கட்டா, சுருக்கா?

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டிய காட்டில் இரண்டு மாணவர்கள் மரமேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சிக் கிளைகளில் வாழும் பூச்சிகளைக் கணக்கெடுக்கத்தான் மேடை. ஒருவன் இரும்பு வடத்தை முறுக்க, மற்றவன் "இன்னும் இறுக்கு" என்றான். ஒரு காலத்தில் நானும் சொன்ன வார்த்தை. இடுப்பு வார், ஏணியை விடுவோம்; மேடை கட்டும்போது எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

உயிர் மரத்தைச் சுற்றி இறுக்குவது

என் முதல் மேடையை மெராந்தி என்ற காட்டு மரத்தில் வடம் சுற்றித்தான் கட்டினேன். அசையவே இல்லை, பெருமையாக இருந்தது. நான்காம் வருடம் வடம் பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே மரம் வீங்கி, உச்சி இலைகள் உதிரத் தொடங்கின. எந்த உச்சியை ஆராய ஏறினோமோ, அதையே நாங்கள் சாகடித்துக்கொண்டிருந்தோம்! அந்த மரத்தில் எடுத்த கணக்கெல்லாம் வீண்.

அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அந்த மெராந்தியின் படத்தைப் பார்த்ததும், "இது கட்டா, சுருக்கா? மரத்துக்குச் சாப்பாடு பட்டையிலதானடா இறங்குது" என்றார். பால் வெட்டும்போது கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டால் கங்காணி ஏசுவார். பட்டையில் ஒரு மில்லிமீட்டராவது விட்டுத்தான் சீவ வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த எனக்கு இது உறைக்காமல் போனதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இலை சமைத்த சர்க்கரை உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு வருகிறது. சுற்றிலும் நெரித்தால் வேர் பட்டினி. அதற்குப் பதில் தடித்த ஒரே ஒரு போல்ட்டை உள்ளே செலுத்துவது மேல். அந்த ஓர் இடத்துக் காயத்தை மரம் தானே அடைத்துக்கொள்ளும். வடம்தான் வேண்டுமென்றால் அடியில் நிமிர்ந்த மரக்கட்டைகளை வரிசையாகக் கொடுத்து, வருடா வருடம் தளர்த்துங்கள்.

ரப்பர் பலகை

மறுநடவுக்கு வெட்டிய மரம், மலிவு, காட்டை அழிக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் மாவுச்சத்து நிறைந்த மரம். மழையில் பூஞ்சையும் வண்டும் விடாது. நாற்காலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கால்

இது மலேசியக் கடின மரம். வைரம் பாய்ந்த பகுதி மட்டும். இடித்த பழைய வீட்டு உத்திரம் கிடைத்தால் புது மரம் வாங்காதீர்கள்.

இரண்டு மரத்தை விறைப்பாக இணைப்பது

காற்றில் இரண்டும் ஒரே திசையில் ஆடாது. கோலாலம்பூர் அருகே கெப்போங்கில் 1992இல் மரங்களுக்கிடையே கட்டிய உச்சி நடைபாதையை ஏன் தொங்கவிட்டார்கள் என்று யோசியுங்கள். உத்திரத்தின் ஒரு முனை நகர இடம் விடுங்கள்.

அந்த மாணவர்களிடம் அம்மா சொன்னதைச் சொன்னேன். வடத்தை அவிழ்த்துவிட்டு, "அப்புறம் எவ்வளவு தளர்வு, அங்கிள்?" என்று கேட்டார்கள்.