‘இது எவருக்கும் தோன்றியிருக்கும்!’ – சேர்வை ஆக்கவுரிமை மேன்முறையீடு, தொடக்கநிலையாளருக்கு

யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்துவிட்டு, வெளிநாட்டு ஆக்கவுரிமை வேலைகளில் கால் வைக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். (தமிழகத்தில் காப்புரிமை என்பார்கள்.) இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இங்கே நான் சொல்வது, ஒரு சேர்வைக்கு (வேதிச் சேர்மத்துக்கு) ஆக்கவுரிமை கேட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேன்முறையிடும் அமெரிக்க நடைமுறையை மட்டும்.

அந்நாட்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவின் கீழ் நிராகரிக்கும் ஆக்கவுரிமை அலுவலகப் பரிசோதகர், உங்கள் சேர்வை பழையது என்று சொல்வதில்லை. துறை அறிந்த எவருக்கும் அது தோன்றியிருக்கும் என்கிறார். ஒடியற்கூழில் நண்டுக்குப் பதில் கணவாய் போட்டுவிட்டுப் புதுக்கூழ் கண்டுபிடித்தேன் என்றால் அம்மம்மா சிரிப்பார் அல்லவா? ஆனால் சேர்வை கூழ் அல்ல. பனங்கள்ளில் இருப்பது எதனோல். ஒரு காபன் குறைந்த மெதனோல் கண்ணையே பறித்துவிடும்.

படி 1: எங்கே தொடங்கினார் என்று பாருங்கள்

நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு பழைய சேர்வையை எடுத்து வைத்திருப்பார். நூற்றுக்கணக்கானவை இருக்க ஏன் இதை எடுத்தார்? உங்கள் சேர்வையைப் போலவே தெரிகிறது என்பது விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது. அன்றைய ஆய்வாளர் செயற்திறனையும் நச்சுத்தன்மையையும் பார்த்துத்தான் தொடக்கச் சேர்வையைத் தேர்ந்திருப்பார்.

2007இல் டகேடா, அல்ஃபாஃபாம் என்ற மருந்து நிறுவனங்களுக்கிடையே நடந்த வழக்கைப் படியுங்கள். பொருள், நீரிழிவு மருந்தான பயோகிளிட்டசோன். பழைய சேர்வையின் பிரிடின் வளையத்தில் 6ஆம் இடத்தில் மெதைல். பயோகிளிட்டசோனில் 5ஆம் இடத்தில் எதைல். தாளில் பார்த்தால் அண்ணனும் தம்பியும். ஆனால் பழையது உடல் எடையையும் பழுப்புக் கொழுப்பையும் கூட்டுவதாக முன்பே வெளியாகியிருந்தது. நீரிழிவு மருந்து தேடுகிறவர் அதிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? டகேடா வென்றது. ஆகவே பரிசோதகர் காட்டும் கட்டுரையைக் கடைசி அட்டவணை வரை வாசியுங்கள். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அவர் மேற்கோள் காட்டாத பக்கத்தில்தான் கிடக்கும்.

படி 2: ஏன் அந்த இடத்தை மாற்ற வேண்டும்?

தொடக்கம் சரியென்றாலும், அதிலுள்ள அணுக்கூட்டத்தை அப்படி மாற்றக் காரணமும் வெற்றி கிட்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பும் வேண்டும். அந்தக் காரணம் பழைய ஆவணத்தில் எழுத்தில் இருந்தே ஆக வேண்டியதில்லை என்று அதே 2007இல் கே.எஸ்.ஆர். வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘என் பயன்பாடு வேறு’ என்று மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். 1990இன் டில்லன் தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை.

படி 3: எதிர்பாராத விளைவு

எல்லோரும் முதலில் ஓடுவது இங்கேதான். நான் இதைப் பின்னுக்கு வைப்பேன். 1963இன் பாப்பெஷ் வழக்கில், மெதைல்களின் இடத்தில் எதைல்கள் வந்தபோது பழைய சேர்வையில் இல்லாத அழற்சி எதிர்ப்பு புதியதில் தெரிந்தது; சேர்வையை அதன் குணங்களிலிருந்து பிரிக்க முடியாது என்று முடிவானது. ஆனால் 2014இல் என்டெகாவிர் என்ற மருந்துக்கு எதிர்பாராத குணங்கள் இருந்தும் ஆக்கவுரிமை தப்பவில்லை. ஒப்பீடு மிக நெருங்கிய பழைய சேர்வையோடு இருக்க வேண்டும். வசதியான ஒன்றோடு அல்ல. ஆயிரம் சேர்வைகளைக் கோரிவிட்டு இரண்டைச் சோதித்த தரவு காணாது.

படி 4: நாட்காட்டி

அந்த அலுவலகத்தின் விதி 132இன் கீழான சோதனைச் சத்தியக்கூற்றை மேன்முறையீட்டு அறிவிப்புக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பிறகு புதிய சான்றுக்குக் கதவு ஏறத்தாழ மூடியதுதான். அறிவிப்பிலிருந்து 2 மாதத்தில் வாதவுரை. பரிசோதகரின் பதில் வந்தால், மறுப்புரைக்கு இன்னும் 2 மாதம். ஒவ்வொரு உரிமைக்கோரலுக்கும் தனித் துணைத்தலைப்பிட்டு வாதிடுங்கள். ஒன்றாகக் கட்டிவிட்டால், மேன்முறையீட்டை விசாரிக்கும் நடுவர்கள் அந்தக் கட்டிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அது விழுந்தால் மற்றவையும் விழும்.