சிறுபோகத்துக்கு முன் வாய்க்கால் வெட்ட ஆள் கூட்டுவது எப்படி?

அம்பாறைக் கரையோரத்தில் எங்கள் வயல் வட்டையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வரம்புக்காரர். கமக்காரர் அமைப்பின் செயலாளருக்குத் தண்ணீரைவிட மனிதரைக் கூட்டுவதே பெரும்பாடு. புதிதாகப் பதவிக்கு வரும் தம்பிமாருக்காக எழுதுகிறேன்.

கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் "எல்லாரும் வாங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வர மாட்டார்கள். பயன் எல்லாருக்கும் பொது என்றால் பாடுபடாமல் அதை எடுக்கவே தனியாள் பார்ப்பான், கூட்டம் பெருக்கப் பெருக்க இது கூடும் என்று பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965இல் எடுத்துக்காட்டினார். அதனால் காணியின் அளவுக்கேற்ப வாய்க்காலை அளந்து, முளை அடித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஆளின் பெயரை எழுதுங்கள். வர முடியாதவர் கூலியாள் அனுப்பட்டும், இல்லாவிட்டால் நாட்கூலியைக் கட்டட்டும். வராதவரைக் குறிப்பது வெளியாளாக இருக்கக் கூடாது; அதே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவரே குறிக்க வேண்டும். தண்டம் சிறிதில் தொடங்கட்டும். 2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், பல நாட்டுப் பாசனக் குழுக்களை ஆராய்ந்து கண்டவற்றில் இவையும் உண்டு.

அடுத்தது, ஆட்களைப் பிரிப்பது. "எங்கட ஆக்கள் இந்தப் பக்கம், அவங்கட ஆக்கள் அந்தப் பக்கம், போட்டிக்கு வெட்டட்டும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார். வேலை முடியும், வம்பு தொடங்கும். 1970 வாக்கில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை அற்பக் காரணம் சொல்லி இரண்டாகப் பிரித்தார். பணம் பங்கிடச் சொன்னபோது, தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் மற்றக் குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்றே பலர் பங்கிட்டார்கள். பிரிப்பதென்றால் மதகு வாரியாகப் பிரியுங்கள். ஒரே மதகில் தண்ணீர் குடிக்கும் வயல்காரர் ஒரு குழு. அதில் இரண்டு இனத்தாரும் தானாகக் கலந்திருப்பார்கள்.

பிரிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொம்புகளைக் கொளுவி இழுக்கும் மட்டக்களப்புக் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகி வசை பாடும். ஆனால் இரண்டு சேரியும் இழுப்பது கண்ணகி அம்மனுக்காக. அதனால் "நாமெல்லாம் ஒன்று" என்ற பேச்சை விட்டுவிடுங்கள், யாரும் தன் அடையாளத்தைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு வரப் போவதில்லை. வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ இருக்கிறது. கோயில் சடங்குக் காலமும் வேண்டாம். சாப்பாட்டுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் போதும்: ஹலாலா, மரக்கறியா என்ற கேள்வியே எழாது. கோழிக்கறி வேண்டும் என்று இளம் பொடியன்கள் முறுகுவார்கள், முறுகட்டும்.

கஷ்டமான ஆள், வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ள தலைவாய்க்கால்காரர். நாங்கள் காக்கா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், "தம்பி, என்ட வயலுக்குத் தண்ணி வருது. நான் ஏன் வெட்டணும்?" என்றார். வாதாடாமல் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கடைசி மதகுக்குக் கொண்டுபோனேன். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் கண் போனது மதகுப் பலகைக்கு: "இது உளுத்துப்போச்சே, எவன்டா போட்டது?" அந்தப் பலகையை மாற்றும் பொறுப்பை அங்கேயே அவர் தலையில் கட்டினேன்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. கல்லோயா இடதுகரையில் தலைப்பகுதியார் பெரும்பாலும் சிங்களவர், கடைப்பகுதியில் தமிழர். 1980களின் தொடக்கத்தில் வாய்க்கால் வாரியாகச் சிறு குழுக்கள் அமைந்ததும், மேலே இருந்தவர்கள் முறைவைத்துத் தண்ணீரை மிச்சம்பிடித்துக் கீழே விட்டார்கள்.

ஒரே சிரமதானத்தோடு விட்டுவிடாதீர்கள். 1954இல் ஒக்லஹோமாவில் உளவியலாளர் முசாபர் ஷெரீப் பகையான இரு சிறுவர் குழுக்களுக்குத் தண்ணீர் வராதபடி செய்து, கோளாறைச் சேர்ந்து தேட வைத்தார். ஒற்றுமை அன்று மாலைவரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதுபோல் பல பொது வேலைகள் அடுத்தடுத்து தேவைப்பட்டன. வாய்க்கால் வெட்டிய கையோடு தண்ணீர் முறைப் பட்டியலை அதே குழுக்களிடம் கொடுங்கள், பதிவுப் புத்தகம் கடைசி மதகுக்காரர் கையில் இருக்கட்டும்.