கார்மார்தனுக்கு வந்தாயிற்று, இனி கவுன்சில்

இங்கே வந்த முதல் மாதம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. முதல் பக்கம் முழுக்க ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. யாருக்கோ வந்தது நம் வீட்டில் விழுந்துவிட்டது என்று குப்பையில் போட்டேன். மூன்று வாரம் கழித்து நினைவூட்டல் வந்தபோதுதான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அதே விஷயம் ஆங்கிலத்தில் இருந்தது. கவுன்சில் வரி பில், அதாவது உள்ளாட்சி மன்றம் வீட்டுக்கு வாங்கும் வரி. ஆகவே முதல் பாடம் இதுதான்: வேல்ஸில் அரசுக் கடிதங்கள் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் வரும், எதையும் திருப்பிப் பார்க்காமல் போடாதீர்கள்.

அந்தக் கடிதத்தை அனுப்பியது கார்மார்தன்ஷயர் கவுண்டி கவுன்சில், வெல்ஷில் சீர் கார். கிளாங்குவிலி மருத்துவமனையிலோ லானெல்லி பிரின்ஸ் பிலிப் மருத்துவமனையிலோ வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் அநேகமாக உங்கள் கவுன்சிலும் இதுதான். (லானெல்லியில் வரும் அந்த இரட்டை 'எல்' நமக்கு வராது. பரவாயில்லை, அவர்களை 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லுங்கள், கணக்கு சரியாகிவிடும்.)

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்கள் கவுண்டி, மாவட்டம் என்று இரண்டு அடுக்கு சொல்லிக் குழப்புவார்கள். அங்கே பல பகுதிகளில் அப்படித்தான். வேல்ஸில் 1996 ஏப்ரலோடு அது முடிந்துவிட்டது. அதற்கு முன்பு இருந்த 8 கவுண்டிகளையும் 37 மாவட்டங்களையும் கலைத்துவிட்டு 22 கவுன்சில்களாக ஆக்கினார்கள். சிலவற்றுக்குக் கவுண்டி கவுன்சில் என்று பெயர், சிலவற்றுக்குக் கவுண்டி பரோ, கார்டிஃப், ஸ்வான்சீ போன்றவை நகரம் என்று சொல்லிக்கொள்ளும். பெயர்தான் வேறு, அதிகாரம் ஒன்றே. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, குப்பை, உள்ளூர்ச் சாலைகள், நூலகம், வீடு கட்ட அனுமதி எல்லாம் ஒரே கூரையின் கீழ். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்பதும், சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்ட அனுமதி கேட்பதும் ஒரே கவுன்சிலிடம்தான்.

மருத்துவமனை அவர்களுடையது அல்ல. அது ஹவெல் தா சுகாதார வாரியம். போலீசும் தனி, டவெட்-பொவிஸ். ஆனால் போலீசுக்கான பணத்தைக் கவுன்சில்தான் உங்களிடம் வசூலித்துக் கொடுக்கிறது. பில்லை எடுத்துப் பாருங்கள், மூன்று பங்கு இருக்கும்: கவுண்டி, போலீஸ், அப்புறம் உங்கள் ஊரின் சமுதாயக் கவுன்சில் அல்லது டவுன் கவுன்சில். இந்தக் கடைசி ஆசாமி சிறியவர். விளையாட்டுத் திடல், கல்லறைத் தோட்டம், பஸ் நிழற்குடை என்று சில்லறை வேலைகள் பார்ப்பார். வேல்ஸ் முழுக்க 700க்கும் மேல் இருக்கிறார்கள். பில்லைப் பார்க்கும்போதே இதையும் கவனியுங்கள்: வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் என்றால் 25 சதவீதம் தள்ளுபடி, எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

சரி, யார் முடிவெடுக்கிறார்கள்? நம் ஊர் ஆட்சியர் போல மேலிருந்து அனுப்பப்படும் அதிகாரி இங்கே கிடையாது. கார்மார்தன்ஷயரில் 51 வார்டுகள், 75 கவுன்சிலர்கள். சிறிய வார்டுக்கு ஒருவர், பெரியதற்கு இரண்டு, அதற்கு மேலும். 2022 தேர்தலில் வேல்ஸின் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரி 38 இடம் பிடித்தது. 75இல் பாதியைத் தாண்டியது மயிரிழையில்தான் என்று தெரிகிறதல்லவா? கவுன்சிலர்கள் கூடித் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மக்கள் நேரடியாகத் தலைவருக்கு ஓட்டுப் போடுவதில்லை. தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் 10 பேர் கொண்ட கேபினட் இருக்கும். கல்விக்கு ஒருவர், சாலைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்வார்கள். மற்ற கவுன்சிலர்கள் ஆய்வுக் குழுக்களில் உட்கார்ந்து அந்தப் பத்துப் பேரைக் கேள்வி கேட்பார்கள். பட்ஜெட்டையும் வரியையும் முழுக் கவுன்சிலும் கூடித்தான் நிறைவேற்ற வேண்டும். கார்மார்தனில் பழைய கோட்டையை ஒட்டி, டவி ஆற்றுக்கு மேலே நிற்கும் கவுண்டி ஹால்தான் தலைமையிடம். அன்றாட வேலை நடத்துவது தலைமை நிர்வாகியும் அவர் கீழுள்ள ஊழியர்களும். அவர்கள் சம்பளக்காரர்கள், கட்சி மாறினாலும் இருப்பார்கள்.

இனி நம்மவர்கள் பெரும்பாலோர் அறியாத விஷயம். உங்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்த பிறகு அல்ல, இப்போதே. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள் கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத்துக்கும் லண்டன் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கலாம். வேலை விசாவோ மாணவர் விசாவோ, எதுவானாலும் சரி. பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே பாஸ்போர்ட்டோடு இங்கே வந்து சட்டப்படி குடியிருக்கும் ஈழத்தமிழர்களுக்கும் கவுன்சில், செனெத் இரண்டிலும் ஓட்டு உண்டு, ஆனால் லண்டன் தேர்தலில் இல்லை. வேல்ஸ் 2021இல் போட்ட சட்டம் உள்ளூர்த் தேர்தலை எல்லா நாட்டவருக்கும் திறந்துவிட்டது. அதே சட்டத்தால் 16 வயதுப் பிள்ளைகளும் கவுன்சிலுக்கு ஓட்டுப் போடலாம்.

எட்டு வருடம் இங்கே இருந்துவிட்டு 'நமக்கெல்லாம் ஏது ஓட்டு' என்று சொன்ன ஒரு டாக்டரை எனக்குத் தெரியும். பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும்: இணையத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, குடியுரிமை, நேஷனல் இன்சூரன்ஸ் எண் (சமூகக் காப்பீட்டு எண்), அவ்வளவுதான். விசாவுக்கு இதனால் ஒரு பாதிப்பும் வராது. இன்னொரு லாபமும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், வங்கியிலோ வீட்டுக் கடனிலோ முகவரியைச் சரிபார்ப்பது எளிதாகும். ஓட்டில் ஆர்வம் இல்லாதவர்களிடம் நான் சொல்வது இந்த இரண்டாவது காரணத்தைத்தான், உடனே பதிந்துவிடுகிறார்கள்.

கவுன்சில் தேர்தல் 5 ஆண்டுக்கு ஒருமுறை, எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில். அடுத்தது 2027 மே 6, வியாழக்கிழமை. விடுமுறை கிடையாது, ஆனால் காலை 7 முதல் இரவு 10 வரை வாக்குச்சாவடி திறந்திருக்கும். நைட் ட்யூட்டிக்காரர்கள் காரணம் எதுவும் சொல்லாமல் தபால் வாக்கு கேட்டு வாங்கலாம். வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பட்டியலில் பெயர் ஏறியிருக்க வேண்டும். விரலில் மை வைக்க மாட்டார்கள், நூலில் கட்டிய பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டால் முடிந்தது. வார்டுக்கு இரண்டு இடம் என்றால் இரண்டு குறி போடலாம். லண்டன் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம், கவுன்சிலுக்கும் செனெத்துக்கும் வேண்டாம்.

2022இல் வேல்ஸ் முழுக்க 74 இடங்களில் போட்டியே இல்லை, நின்றவர்கள் அப்படியே ஜெயித்துவிட்டார்கள். கிராமத்து வார்டுகளில் சில நூறு ஓட்டுகளே ஒருவரை உள்ளே அனுப்பிவிடும். ஒரு மருத்துவமனைக் குடியிருப்பில் உள்ள நம் ஆட்கள் எல்லாரும் பதிந்தால் அது சின்ன எண்ணிக்கை அல்ல.

ஓட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த வார்டின் கவுன்சிலர் உங்களுக்கும் கவுன்சிலர்தான். தெருவிளக்கு எரியவில்லை, சாலையில் பள்ளம் என்பதற்கெல்லாம் முதலில் கவுன்சிலின் இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் அசைவே இல்லை என்றால் அந்த எண்ணோடு கவுன்சிலருக்கு எழுதுங்கள். நேரில் பார்க்க விரும்பினால் 'சர்ஜரி' எப்போது என்று கேளுங்கள். டாக்டர்கள் பயப்பட வேண்டாம், மக்கள் குறை கேட்கும் நேரத்துக்கு இங்கே அதுதான் பெயர். எழுதும்போது அஞ்சல் குறியீட்டை மறக்காமல் போடுங்கள். வேறு வார்டு ஆளாக இருந்தால் அவர் உரியவரிடம் தள்ளிவிடுவார்.