புறாவுக்கு ஜோடி போடுவது எப்படி

வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நான் வைத்த முதல் ஜோடி 4 முட்டை இட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து மாடி அண்ணன் சிரித்தார்: "ஒரு பெட்டை ஓர் ஈட்டுக்கு 2 முட்டைதாம்பா போடும். உன்கிட்ட இருக்கறது ரெண்டுமே பெட்டை." விற்றவர் தலையைக் காட்டி, "பெரிய தலை, ஆண்தான்" என்றிருந்தார்.

அதனால் தலையை நம்பாதீர்கள். காலை இளவெயிலில் பாருங்கள். ஆண் கழுத்தை உப்பி, குனுகிக்கொண்டே முழு வட்டம் சுற்றும், வாலை விரித்துத் தரையில் இழுக்கும். பெட்டையும் எப்போதாவது குனுகும், ஆனால் முழுச் சுற்று வருவது அபூர்வம்.

நடுவில் கம்பி வலை அடித்த கூண்டில், ஆளுக்கொரு பக்கம் ஒரு வாரம் விடுங்கள். கம்பு, சோளம், தண்ணீர் போதும். ராத்திரி இரண்டும் வலையை ஒட்டி உட்கார்ந்தால் சரி, வலையை எடுக்கலாம். பெட்டை எதிர் மூலைக்கே போனால் வேறு ஆணைக் காட்டுங்கள். அவசரப்பட்டுச் சேர்த்தால் மண்டையைக் கொத்தி ரத்தம் பார்த்துவிடும்.

மனது ஒத்துப்போனால் ஒன்றின் கழுத்து இறகை இன்னொன்று கோதும். அப்புறம் பெட்டை தன் அலகை ஆணின் வாய்க்குள் விடும், குஞ்சு இரை வாங்குவதுபோல. இதைப் பார்த்துவிட்டால் ஜோடி உறுதி.

முட்டைக்கு முந்தைய நாட்களில் ஆண் பெட்டையை விரட்டிக்கொண்டே இருக்கும், நிம்மதியாகத் தின்னக்கூட விடாது. சண்டை என்று பிரித்துவிடாதீர்கள். மற்ற ஆண்கள் நெருங்காமல் கூட்டுக்கு ஓட்டுகிறது, அவ்வளவுதான். தென்னை ஈர்க்கை ஒடித்துப் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, சில நேரம் பெட்டையின் முதுகிலேயே ஏறி நின்று, அதன் அலகுக்கு முன்னால் நீட்டும். அடுக்குவது பெட்டை.

பழைய ஜோடியைப் பிரித்து மாற்றுவதானால் பழைய துணையை வேறு வீட்டுக்கே அனுப்புங்கள். நான் அதே மாடியில் வைத்தேன். ஆண் புதுப் பெட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாளெல்லாம் பழைய கூண்டையே பார்த்து உட்கார்ந்திருந்தது.

வேலூர் அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஜோடி போட வேண்டாம். ஆடி பிறக்கட்டும்.

பகலில் ஆண், ராத்திரியில் பெட்டை என்று முறைவைத்து அடைகாக்கும். 2வது முட்டையிலிருந்து 18 நாள் எண்ணுங்கள். நடுவில் டார்ச் அடித்துத் தொந்தரவு பண்ணாதீர்கள்.