திருத்துறைப்பூண்டியை ஒரே வரியில் அடக்குவது எப்படி?

கோயில் திருவிழா நோட்டீஸை நாமே வடிவமைக்க உட்கார்ந்தால் முதலில் இடிப்பது ஊர்ப் பெயர்தான். ஏ5 தாளின் அகலம் 148 மி.மீ. தலைப்பைக் கொஞ்சம் பெரிதாக வைத்தாலே ‘திருத்துறைப்பூண்டி’ தாளைத் தாண்டிவிடும். உடனே எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்கத் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஏன் என்று நீங்களே பாருங்கள். ‘மன்னார்குடி’ என்று தட்டி, அகலத்தை 65 சதவீதமாகக் குறையுங்கள். நின்ற கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அதே தடிமனில் இருக்கும். சுழிகள் அடைத்துக்கொள்ளும், இரண்டு சுழி ‘ன’வா, மூன்று சுழி ‘ண’வா என்று தூரத்திலிருந்து தெரியாது. குறுகலாகவே வரைந்த எழுத்துருவில் கோட்டின் தடிமனையும் சுழிக்குள் இருக்கும் வெள்ளையையும் வரைந்தவரே சரிசெய்து வைத்திருப்பார்.

இடத்துக்காக எழுத்தையே புதிதாகச் செய்வது நம் டெல்டாவில் முந்நூறு வருஷத்துப் பழக்கம். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தன, காகிதமோ தட்டுப்பாடு. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. கூகுளின் இலவச எழுத்துருவான ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ குடும்பத்தை இறக்கி நிறுவுங்கள். அதில் ‘கண்டென்ஸ்டு’, ‘எக்ஸ்ட்ரா கண்டென்ஸ்டு’ என்று குறுகிய வகைகள் உண்டு. ஆங்கில எழுத்தின் நுனியில் பாதம் போல நிற்கும் சிறு கோடுதான் செரிஃப். தமிழில் அந்தப் பெயர் பெரும்பாலும் தடிப்பும் மெலிவும் மாறி வரும் எழுத்தைக் குறிக்கும்.

2. இங்க்ஸ்கேப் என்ற இலவச வடிவமைப்பு மென்பொருளில் 148 மி.மீ. அகலத் தாளைத் திறந்து, இரண்டு பக்கமும் 10 மி.மீ. விட்டுத் தலைப்பைத் தட்டுங்கள். முதலில் ‘கண்டென்ஸ்டு’, அடங்காவிட்டால் மட்டும் ‘எக்ஸ்ட்ரா’.

3. எழுத்து இடைவெளியைக் குறைக்காதீர்கள். குறுகிய எழுத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும். நான் துளி கூட்டியே வைப்பேன்.

4. தலைப்பு இரண்டு வரியானால் வரி இடைவெளி 1.3-க்குக் குறைய வேண்டாம். மேல்வரி ‘பூ’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் மோதும்.

5. நிகழ்ச்சி நிரல், உபயதாரர் பெயர்களெல்லாம் சாதாரண அகலத்தில்தான். பெரியவர்கள் படிக்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

6. அசல் அளவில் ஒரு தாள் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று படியுங்கள். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் ஒரு படி தடித்த வகைக்குப் போங்கள். மலிவுத் தாளில் மை பரவி மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும்.

7. அச்சகத்தில் ‘கர்வ் பண்ணிக் கொடுங்க’ என்பார்கள். அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது என்பதால், எழுத்தைக் கோடாக மாற்றித் தரச் சொல்கிறார்கள். ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து, பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். அதற்கு முன்பே தேதியையும் கிழமையையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். கர்வ் செய்தபின் தட்டித் திருத்த முடியாது. அப்புறம், கர்வ் செய்யாத பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த வருஷத் திருவிழாவுக்குத் தேதியை மாற்றினால் போதும்.