ஒரு பவுணில் தொடங்குங்கள்

முதல் தடவை "ஒரு பவுண் வாங்கியிருக்கிறேன்" என்று வீட்டில் சொன்னபோது, மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். எடின்பரோ கோட்டை அச்சடித்த பச்சைத் தாளை நீட்டினேன். அன்றிரவு ரொட்டிக்குச் சம்பல் கிடைக்கவில்லை.

ஸ்கொட்லாந்துத் தாள்காசு சேர்க்கும் பைத்தியம் எனக்கு அப்பாவால் வந்தது. அவர் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் அப்பு, அதாவது வீட்டு வேலைக்காரர். 1975இல் கம்பனித் தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குப் புறப்பட்ட துரை அவர் கையில் ஐந்து பவுண் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கிளைட்ஸ்டேல் பேங்க் வெளியிட்டது. முன்பக்கம் கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸ், பின்பக்கம் ஒரு வயல் எலி. 1785இல் ஏர் ஓட்டியபோது எலி வளை ஒன்று கலைந்துபோக, அந்த எலியைப் பார்த்து அவர் பாடிய கவிதை அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. "என்னடா, காசில எலிய போட்டிருக்கான்" என்று சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்.

அவர் போன பிறகு அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து டவுனில் கொடுத்து லெமினேட் செய்தேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை இனி உரிக்க முடியாது. எலி தெரிகிறது, தாளைத் தொட முடியாது. நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். செலோடேப்பும் கூடாது.

ஸ்கொட்லாந்தில் ஒரே மத்திய வங்கியின் தாள் மட்டும் புழங்குவதில்லை. பேங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து (1695), ரோயல் பேங்க் (1727), கிளைட்ஸ்டேல் (1838) மூன்றும் இன்றும் சொந்தத் தாள் அடிக்கின்றன. பிரிட்டிஷ் லினன், யூனியன் பேங்க் போன்ற பெயர்கள் இணைப்புகளில் மறைந்துவிட்டன. 1826இல் ஐந்து பவுணுக்குக் குறைந்த தாள்களை நிறுத்த லண்டன் கிளம்பியது. நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட் புனைபெயரில் பத்திரிகைக்குக் கடிதம் கடிதமாக எழுதி எதிர்த்தார். லண்டன் பின்வாங்கியது. பேங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து தாள்களில் அவர் முகம் இருப்பது சும்மா இல்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ரோயல் பேங்கின் ஒரு பவுண் தாள், 1987 முதல் வந்த வரிசை. இங்கிலாந்து 1988இல் ஒரு பவுண் தாளைக் கைவிட்ட பிறகும் இவர்கள் அச்சடித்தார்கள். மடிப்பில்லாத தாள்கூடச் சில பவுணுக்குக் கிடைக்கும். முன்பக்கம் இருப்பவர் ஐலே பிரபு, வங்கியின் முதல் ஆளுநர். வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறியிலும் அவரே. பின்னணியில் விரியும் நட்சத்திரக் கோலம், எடின்பரோவிலுள்ள வங்கியின் பழைய தலைமையக மண்டபத்தின் உட்கூரையிலிருந்து எடுத்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிப் பாருங்கள். அதே வரிசையில் ஐந்துக்குக் கல்ஸீன், பத்துக்கு கிளாமிஸ், இருபதுக்கு புரொடிக், நூறுக்கு பல்மோரல் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை. பல்மோரல் நமக்குத் தோட்டப் பெயர். நூறு பவுண் தாள் நம் பைக்கு எட்டாது, பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

வாங்கும்போது தாளை மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும் மடிப்பு, சாய்த்தால் கோடாக எழும்பும். உருவத்தின் மேல் நகத்தால் மெல்ல வருடினால் மை சொரசொரக்க வேண்டும். கழுவி அயன் பண்ணிய தாள் வழுவழுவென்று, உயிரில்லாமல் இருக்கும். "புழங்காதது" என்று படம் காட்டி ஒருவர் என்னிடம் விற்றது அப்படித்தான். படத்தில் மினுங்கியது, கையில் ஈரத்துணி. அதிலிருந்து, சாய்த்து எடுத்த படம் அனுப்பாதவரிடம் வாங்குவதில்லை.

இனி நம் மலையின் தொல்லை. ஜூனில் மழை பிடித்தால் ஓகஸ்ட் வரை சுவரே வியர்க்கும். தாளில் பழுப்புப் புள்ளி விழ ஒரு பருவம் போதும். மலிவான பீவீசீ உறை காலப்போக்கில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் பிளாஸ்டிக் உறைதான் வேண்டும், வெளியூரிலிருந்து வரவழைத்தாலும் பரவாயில்லை. நான் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, உள்பக்கத்துச் சுவரோடு இருக்கும் அலுமாரியில் வைக்கிறேன். அடுப்பங்கரைப் பரண் வேண்டாம், புகையும் எண்ணெயும் ஏறும். பூச்சி உருண்டையும் வேண்டாம். தேயிலைப் பெட்டி வேண்டவே வேண்டாம், எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டார்கள்! ஜனவரி, பெப்ரவரி வெயில் நாளில் பெட்டியைத் திறந்து நிழலில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

2015இல் வந்த பொலிமர் (பிளாஸ்டிக்) தாளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. எனக்குத்தான் அதில் மனம் ஒட்டவில்லை.

லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் சொல்லி வையுங்கள்: வீட்டில் பழைய தாள் அகப்பட்டால் வங்கியில் கொடுத்து மாற்றிவிட வேண்டாம், மடிக்காமல் இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவரட்டும். என் மருமகன் போன டிசம்பரில் 2007 வரிசையில் பேங்க் ஒஃப் ஸ்கொட்லாந்தின் பத்து பவுண் தாள் கொண்டுவந்தான். பின்பக்கம் கிளென்ஃபினன் ரயில் பாலம், 21 வளைவு, வளைந்து போகிறது. மனைவி வாங்கிப் பார்த்து, "இது நம்ம தெமோதர ரயில் பாலமில்லையா?" என்றாள்.