கொல்லைப்புற விறகு பாய்லர்: தண்ணீர் அளவிலும் ஒழுகலிலும் செய்யக்கூடாத தவறுகள்

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பதினான்கு பேர். விடிகாலை நாலு மணிக்குக் கொல்லையில் பாய்லரைப் பற்ற வைத்தது பெரியப்பா. முதல் நாள் ராத்திரி குளித்தவர்கள் அடிக்குழாயில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு வாளி கூட ஊற்றாமல் போய்ப் படுத்துவிட்டது அவருக்குத் தெரியாது. கால் மணி நேரத்தில் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். சாம்பல் தட்டை இழுத்துப் பார்த்தால், வெள்ளி மாதிரி நாலைந்து உருண்டைகள். நடுக்குழாயின் மேல் வளையத்தில் இருந்த ஈயப்பற்று உருகி விழுந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்று கேஸ் அடுப்பில் குண்டான் குண்டானாகக் காய்ச்சி ஊற்றினோம்.

செம்பு பாய்லரின் அமைப்பு எளிது. அடியிலிருந்து மேல்வரை நடுவில் ஒரு குழாய். விறகும் கொட்டாங்குச்சியும் தென்னை மட்டையும் அதற்குள் எரியும், சுற்றிலும் தண்ணீர். செம்பு உருக 1,085 டிகிரி சூடு வேண்டும். மூட்டுகளை ஒட்டியிருக்கும் ஈயப்பற்றுக்கு 200 டிகிரி பக்கம் வந்தாலே போதும். விறகு நெருப்பு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்படியும் பற்று வருஷக்கணக்கில் நிற்கிறதென்றால், தகட்டுக்கு மறுபக்கம் தண்ணீர் இருப்பதால்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது, ஊட்டி உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தகட்டில் ஏறும் சூட்டை அது வாங்கிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் இறங்கியதும், இறங்கிய இடம் வரைக்கும் மூட்டுக்குக் காவல் போய்விடுகிறது.

பழைய புனல் பாய்லரில் இந்தக் கவலை கிடையாது. புனலில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடிக்குப் போய், மேலே இருக்கும் வெந்நீரை மூக்கு வழியாக வெளியே தள்ளும். ஊற்றாவிட்டால் வராது. செய்தவர் கெட்டிக்காரர். அதில் அடியில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. குனிந்து திருகினால் வெந்நீர் வரும், சௌகரியம்தான். ஆனால் கடைசிச் சொட்டு வரைக்கும் அதே வேகத்தில் வருவது போலத் தோன்றும், எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. குழாய் இருந்தே ஆகவேண்டும் என்றால், கழுவி வடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடிக்குழாய் பாய்லரே வாங்கியவர்கள் ஊற்றிவிட்டு மொள்வது என்ற வழக்கத்துக்கு மாறிவிட வேண்டும். பற்ற வைப்பதற்கு முன் மேலிருந்து கீழாக விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தண்ணீர் உள்ள இடம் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும், காலி இடம் கணகணக்கும். கர்நாடகத்தில் தீபாவளிக் குளியலுக்கு முந்தின மாலை ஹண்டேயை (வெந்நீர் அண்டாவை) தேய்த்துத் தண்ணீர் நிரப்புவதையே 'நீர் தும்புவ ஹப்ப' (தண்ணீர் நிரப்பும் பண்டிகை) என்று பண்டிகையாக வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால் பெரியப்பா தப்பித்திருப்பார்.

காலி பாய்லர் காய்ந்துவிட்டது என்று தெரிந்ததும் பதறி ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுவது எல்லாவற்றிலும் மோசமானது. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். அந்த ஆவி புனல் வழியாக உங்கள் முகத்துக்கு நேராகத்தான் வரும். மூட்டுகளும் பிளந்துகொள்ளும். விறகை இடுக்கியால் வெளியே இழுத்துப் போடுங்கள். தகடு கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். அதுவரை பாய்லர் பக்கம் தண்ணீரே வேண்டாம்.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேரே இணைப்புக் கொடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாய்லரின் மேலிருந்து போகும் காற்றுக்குழாய் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக, எப்போதும் திறந்தே இருக்கவேண்டும். அதில் வால்வு போடக்கூடாது. சூடு வெளியே போகக்கூடாது என்று மூக்கில் துணி அடைப்பவர்களுக்கும் இதேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அடைத்தால் அது பாய்லர் இல்லை, வெடி.

சரி, ஒழுகலுக்கு வருவோம். பற்ற வைத்த முதல் பத்து நிமிஷம் சாம்பலில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஈர விறகின் ஆவி குளிர்ந்த நடுக்குழாயில் பட்டு வியர்ப்பதாக இருக்கலாம். தண்ணீர் சூடானதும் நின்றுவிட்டால் அது வியர்வைதான். சந்தேகம் தீரவில்லையா? சாம்பலை வழித்துவிட்டு, பாய்லரை நிரப்பி, நெருப்பு வைக்காமல் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் ஒழுகல் உண்மை. வெளிப்பக்க மூட்டுகளைத் துடைத்து சாக்பீஸ் தூள் தடவினால், கசியும் இடம் மட்டும் கோடாகக் கறுக்கும். மூட்டை ஒட்டிப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தாலும் அங்கே வெகு நாளாகக் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

அடைப்பதில்தான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். கடையில் விற்கும் எபாக்ஸிப் பசையை நடுக்குழாயின் உள்பக்கம் அப்புவது வீண் வேலை. நெருப்பு படும் இடத்தில் அது கருகி உதிர்ந்துவிடும். அந்தப் பக்கத்துக்கு ஈயப்பற்றும் தற்காலிகம்தான், பித்தளைப் பற்று வைத்தால் நிற்கும். வெளிப்பக்க மூட்டுக்கு ஈயம் போதும். நான் கொஞ்சம் தண்ணீரோடு பாய்லரைக் கொண்டுபோனபோது பட்டறைக்காரர் கேட்டார்: "தம்பி, தண்ணியை வடிக்காமயா கொண்டாந்தீங்க? ஈயம் எப்படிங்க ஓடும்?" யோசித்துப் பார்த்தால் அதே கணக்குதான். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தகடு 100 டிகிரியைத் தாண்டாது, ஈயம் இளகி ஒட்டவும் ஒட்டாது. வடித்து, உலர்த்தி, எமரித்தாளில் செம்பு பளபளக்கும் வரை தேய்த்த பிறகுதான் அவர் பற்று வைக்க ஆரம்பித்தார்.

குழாய் சொட்டினால் பெரும்பாலும் வாஷர்தான். ஆறிய பிறகு, நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருகுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய தகடும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, சின்ன ஒழுகல் பெரிய ஒழுகலாகிவிடும். இரும்புக் குழாய் மலிவு என்று செம்பில் மாட்ட வேண்டாம். இரண்டு உலோகமும் தண்ணீரும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். பித்தளையே வாங்குங்கள்.

போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் உட்பக்கம் உப்பு படியும். படிந்த இடத்தில் சூடு தண்ணீருக்குச் சரியாகக் கடக்காது, தகடு கூடுதலாகக் காயும், மூட்டு தளரும். அதை எடுக்க பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் உப்போடு பற்றையும் சேர்த்துத் தின்றுவிடும். புளிக்கரைசலோ எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த வெந்நீரோ ராத்திரி ஊறட்டும், பொறுமையாக இரண்டு மூன்று தடவை. வெளியே, நடுக்குழாயில் ஈரச் சாம்பலைத் தேங்கவிடாதீர்கள். மழைக்கு மேலே ஒரு மூடி போட்டால் போதும், பற்ற வைக்கும்போது மட்டும் எடுக்க மறக்கக்கூடாது. மழை என்று பாய்லரையே குளியலறைக்குள் இழுத்துவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு எரிப்பவர்கள் உண்டு. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் விஷவாயு. அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

சரிசெய்து வந்த பாய்லரில் அத்தை காபிக்கு வெந்நீர் மொள்ள வந்தார். அவர் போட்டது காரீயம் கலந்த பற்றா என்று பட்டறைக்காரரிடம் போனில் கேட்டேன். "பின்ன என்னங்க, குளிக்கத்தானே?" என்றார். காரீயம் உடம்புக்கு விஷம். காபிக்குத் தனியாகவே கொதிக்க வைக்கிறோம்.